ஜெபித்தும் சுகம் வராதவர்கள் இங்கே பேசலாம்

பெரம்பூர் சகோதரி:

சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் சுகம் பெற்றவர்கள்தான் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்காக ஸ்தோத்திரம். ஆனால் உபவாசம் இருந்து ஜெபித்தும் சுகம் வராத வீடுகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் சாட்சி உண்டு என்று நம்புகிறேன், அதனால் எழுதுகிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் பணக் கஷ்டத்திலிருந்து ஓரளவு தப்பித்தோம். மாற்றுச் சிறுநீரகத்துக்காக அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். இளநீர், வாழைப்பழம் எதுவும் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். தண்ணீரும் அளந்துதான். சென்னை மே மாத வெயிலில், தாகம் என்று கேட்கிற மனிதருக்கு அரை டம்ளரோடு நிறுத்துவது எப்படி இருக்கும் என்று கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

நோய் வந்த புதிதில் ஜெபிக்க வந்த ஒருவர், "அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இந்த வீட்டில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்க என் கணவர் தூங்காமல் தன் வாலிப நாட்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். நோயைவிட அந்த வார்த்தைதான் அவரை அதிகம் உருக்கியது. இன்னொருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திக் காட்டுங்கள் என்றார். இதை வாசிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், யார் அப்படிச் சொன்னாலும் கேட்காதீர்கள். நிறுத்தினால் உயிர் போய்விடும். வைத்தியம் விசுவாசத்துக்கு விரோதமில்லை, அப்போஸ்தலன் பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர்தான். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதற்கப்புறமும் நம் ஆட்கள் நோயாளியிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்களே என்று மனசு வலிக்கிறது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு வயதான ஆன்ட்டி இருக்கிறார். அவர் வந்ததும் கேட்டது, "தம்பி என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?" காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சமைக்க வேண்டும். அதை என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, அவரே செய்து டப்பாவில் கொண்டுவந்தார். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். நான் பேசினால் கேட்பார்.

ஒரு நாள் அவரிடம், "ஆன்ட்டி, எனக்கு ஜெபமே வரலை, கோபம்தான் வருது" என்றேன். அவர் அதிரவில்லை. பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து 88-ஆம் சங்கீதத்தைத் திறந்து, "இதையே ஜெபமா வாசி" என்று கொடுத்தார்.

புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாக மாறிவிடும். இது மாறாது. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதர்களும் விலகிப்போன இருட்டில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்த மனிதன் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இவ்வளவையும் கேட்கிறான். எதுவுமே சரியாகாத நேரத்தில் அப்படிக் கூப்பிடுகிறான். இந்தக் கதறலை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை என்பதே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது. கோபத்தையும் அவரிடமே கொண்டுபோகலாம் என்ற தைரியம் வந்தது.

தன் மாம்சத்தில் முள் என்று பவுல் சொன்ன வேதனை, 3 முறை வேண்டிக்கொண்டும் அவரைவிட்டு நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. சிலுவையில் ஆண்டவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். அவருடைய இரத்தத்தால் கிடைத்த பாவமன்னிப்பும் நித்திய ஜீவனும் எங்களுடையவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறினாலும் இறங்கினாலும் அவை மாறப்போவதில்லை. சுகத்துக்காகவும் இன்னும் தினமும் கேட்கிறோம், வெட்கப்படாமல் கேட்கிறோம்.

பட்டினப்பாக்கம் சகோதரர்:

அக்கா, நான் கத்தோலிக்கன், கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் தங்கச்சியை இழந்தோம்.

சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்னால், இயேசுவின் சீடர் தோமையார் நட்டதாகச் சொல்லும் கம்பம் இருக்கிறது. அந்தக் கம்பத்தைத் தாண்டி அலை வரவில்லை என்று இன்றைக்கும் பலர் சாட்சி சொல்வார்கள். நானும் அந்தக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே எங்கம்மா எழுந்து போய்விடுவார். கோயிலைக் காத்தவர் என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று ஒரு நாள் ஒரு ஃபாதரிடமே கேட்டுவிட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியலைம்மா" என்றார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் அம்மா மறுபடி பூசைக்குப் போக ஆரம்பித்தார். பெரிய பெரிய விளக்கம் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப் பாதையில் 13-ஆம் நிலை வரும், இறந்த மகனை மாதா மடியில் ஏந்தும் இடம். கூட்டம் அடுத்த நிலைக்குப் போன பிறகும் அம்மா அங்கேயே முழங்காலில் இருப்பார். இங்கே ஒருத்திக்கு என் கஷ்டம் தெரியும் என்பார்.

தாம்பரம் சகோதரி:

அக்கா, எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் புற்றுநோய், அடையாறில் கீமோ நடக்கிறது. போய்ப் பார்க்க ஆசை, ஆனால் என்ன பேசுவது என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன 88-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டலாமா?

பெரம்பூர் சகோதரி:

பயப்படாமல் போங்கம்மா. யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது நம் கையில் இல்லை. அடுத்த கீமோ எப்போது, கூட யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஆள் இல்லை என்றால் நீங்கள் போங்கள். தொற்று சீக்கிரம் பிடிக்கும் சமயம், சளி இருமல் இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். 88-ஐ நீங்களாக எடுக்காதீர்கள், அவருக்கு எந்தச் சங்கீதம் பிடிக்கும் என்று கேட்டு அதையே வாசியுங்கள்.