வாகரையில் டேட்டா சென்டர் வருமாம், காணி வாங்கிப் போடலாமா?

வாகரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் எங்களுக்கு நாலு ஏக்கர் முந்திரிக் காணி இருக்கிறது. போன ஞாயிறு ஒரு தரகர் வந்தார். பெரிய வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இந்தப் பக்கம் டேட்டா சென்டர், அதாவது இன்டர்நெட்டுக்கான கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி ஓடவைக்கும் கட்டடம், கட்டப் போகிறதாம். கடல் பக்கத்தில், காணி வெறுமனே கிடக்கிறது, மெஷினைக் குளிரவைக்கத் தண்ணீருக்கும் குறைவில்லை, அதனால் இங்கேதான் வருமாம். பக்கத்துப் பத்து ஏக்கரையும் இப்போதே வாங்கிப் போட்டால் இரண்டு வருடத்தில் மூன்று மடங்கு என்கிறார். கம்பனியின் பேரைக் கேட்டால் சிரிக்கிறார். சுவிஸில் இருக்கும் மச்சான் காசு அனுப்ப ரெடி. உண்மையில் இவர்கள் இடத்தை எப்படித் தெரிவு செய்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கல்முனை நானா:
தம்பி, நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் டேட்டா சென்டர் சில்லர், அதாவது குளிரவைக்கும் மெஷின், பார்த்தவன். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஸ்வெட்டர் போட்டு நிற்போம். காணி இவர்களுக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. முதலில் பார்ப்பது கரண்ட்.

பெரிய வளாகம் ஒன்று 100 மெகாவாட், 300 மெகாவாட் என்று இழுக்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு அலகு தருவதே 300தான். அதுவும் இரவு பகல், ஒரு நொடி விடாமல். அயர்லாந்தில் 2023-ல் மொத்த மின்பாவனையில் 21 வீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. சிங்கப்பூர் 2019-ல் புதிதாக அனுமதி கொடுப்பதையே நிறுத்தி, 2022-ல்தான் கொஞ்சமாகத் திறந்துவிட்டது. அந்த இடைவெளியில் கொழுத்தது பக்கத்திலுள்ள மலேசியாவின் ஜொகூர். நம் நாட்டில் 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டது ஞாபகம் இருக்கும்தானே?

மறுகா கேபிள். சிங்கப்பூரும் மட்டக்களப்பு மாதிரித்தான் வேகும், ஆனாலும் அங்கே போய்க் கட்டினார்கள். நாடுகளுக்கிடையே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் கடலடி கேபிள்கள் கட்டுக்கட்டாக அங்கே கரையேறுவதுதான் காரணம். இலங்கைக்கு வருபவை கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம் ஏறுகின்றன. வாகரையில் என்ன ஏறுகிறது, கீரி மீன்தானே!

பேர் சொல்லாததை மட்டும் வைத்து அந்த மனிசனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டேன். கூகுள் 2005-ல் அமெரிக்காவின் ஓரிகனில் த டால்ஸ் என்ற ஊரில் காணி வாங்கியது ‘டிசைன் எல்எல்சி’ என்ற வேறு பேரில்தான். அங்கே கொலம்பியா ஆற்று அணைக்கட்டின் மலிவு கரண்ட் இருந்தது. ஆனால் யோசியுங்கோ, அவ்வளவு ரகசியமாக வாங்குகிறவன் உங்களூர்த் தரகரிடமா வாய் விடுவான்?

செங்கலடி மாணவி:
நானா, பின்லாந்து ஹமினாவில் கூகுள் 2009-ல் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, கடல் தண்ணீரை வைத்துத்தானே குளிரவைக்கிறது? எங்களிடமும் கடல் இருக்கிறதே.

கல்முனை நானா:
நல்ல கேள்வி, தங்கச்சி. அந்த ஆலையில் கடல் தண்ணீர் எடுக்கும் சுரங்கம் ஏற்கெனவே இருந்தது. தண்ணீரும் பனிநாட்டுத் தண்ணீர். நம் கடலில் கால் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு. ஆவியாக்கிக் குளிரவைக்க வேண்டுமென்றால் நல்ல தண்ணீர் வேண்டும். கச்சான் அடிக்கும் ஆடியில் கிணறே அடியைக் காட்டும்போது வயல்காரன் விடுவானா?

அப்புறம் உப்புக் காற்று. எங்கள் கடற்கரை வீதி வீட்டில் ஏசி வெளிப்பெட்டியின் அலுமினியத் தகட்டை மூன்றாம் வருடம் விரலால் தட்டினேன், மாவாக உதிர்ந்தது. வெள்ளக் கோடு, புயல் வரலாறு எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். 78 புயலும் 2004 சுனாமியும் வாகரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தரகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கோ: எந்த கிரிட் உபமின்நிலையத்திலிருந்து எத்தனை மெகாவாட்?

வாகரைக்காரன்:
நானா, கேட்டேன். “அதெல்லாம் கம்பனி பார்த்துக்கொள்ளும், நீங்க அட்வான்ஸைப் போடுங்க” என்றார். வாழைச்சேனை கிரிட்டா என்று திரும்பக் கேட்டதும் லைன் வெட்டுப்பட்டது. இரண்டு நாளாக என் கோலை எடுக்கவில்லை. மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டேன். அவருக்கு என்மேல்தான் கோபம்!

சரி, அதை விடுங்கோ. எங்கள் வீட்டு ஏசியும் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறது. என்ன செய்யலாம்?

கல்முனை நானா:
மாசத்துக்கு ஒருதரம் கரண்டை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கோ. உப்புத் தண்ணீர்க் கிணறென்றால் வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது தகட்டுக்கு நீலப் பூச்சுப் பூசியதாகப் பாருங்கோ. பெட்டியைக் கடல் பார்க்காத சுவருக்கு மாற்ற முடியுமென்றால் அதை முதலில் செய்யுங்கோ.