நெடுந்தீவு ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ? அம்மம்மாவின்ர ஊர் பற்றிக் கேக்கவேணும்

தீவுப்பேத்தி:
எங்கட அம்மம்மா நெடுந்தீவு மேற்கு, கலியாணம் முடிச்சு வவுனியாவுக்கு வந்தவ, போன மாசம் செத்துப்போயிட்டா. கொஞ்சம் காத்து பலமா அடிச்சாக் காணும், "சோளகம் எழும்பீட்டுது, அரிசி கிடக்கோ பாருங்கோ" எண்டு குசினிக்குள்ள போய் வாளியைத் திறந்து பாப்பா, கடை எங்கட கேற்றுக்கு முன்னால! நாங்கள் பகிடி பண்ணுவம். அரிசி கழுவின தண்ணியையும் ஊத்த விடமாட்டா. ஊருக்குப் போவம் வாங்கோ எண்டா மட்டும் கடல் ஒத்துவராது, சத்தி வரும் எண்டு சாட்டு. வாற ஆவணியில அம்மாவும் நானும் போகப்போறம். அங்க வாழ்ந்த ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோவன்.

மாவிலிக்கரை:
பிள்ளை, அது பகிடி இல்லை. சோளகம் வைகாசியில தொடங்கினா புரட்டாதி மட்டும் அடிக்கும், குறிகட்டுவான் துறையில இருந்து ஒரு மணித்தியால ஓட்டம்தான் ஆனா கடல் கொந்தளிச்சா லோஞ்சு விடாங்கள், எங்கட வீட்டு அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அந்த லோஞ்சிலதான் வரவேணும். அரிசி முடிஞ்சா அம்மா ஒடியல் மாவில, அதுதான் காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில, பிட்டு அவிப்பா, கொஞ்சம் கசக்கும், பால் விட்டுக் குழைச்சாத் தெரியாது. பாலுக்குக் குறைவில்லை, பசுத்தீவு எண்டு சும்மாவே பேர் வந்தது? தண்ணிதான் சீவன் போற வேலை. தீவு முழுக்க முருகைக்கல், கோடையில வீட்டுக் கிணறு உவராகீடும், நல்ல தண்ணிக்குச் சாராப்பிட்டிக்கு வண்டில் கட்டவேணும். முகம் கழுவின தண்ணியை முருங்கைக்கு விட்ட சனம் அரிசி கழுவினதை ஊத்துமே?

சோக்குக்கட்டி:
நான் யாழ்ப்பாணம் டவுன், அங்க மூண்டு வருசம் படிப்பிச்சனான். இடமாற்றம் வந்த அண்டைக்கு வீடு செத்தவீடு மாதிரி. "தீவான்" எண்டு எங்கட ஆக்கள் ஒரு மாதிரிச் சொல்லுறது தெரியும்தானே, அந்தக் கொழுப்பு எனக்கும் இருந்தது. போனா வேலியளைப் பாருங்கோ. சீமெந்து, சுண்ணாம்பு ஒண்டும் இல்லாமக் கல்லுக்கு மேல கல்லு. ஒருக்கா மாடு இடிச்சு விழுத்தினதை என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் பின்னேரம் அடுக்கினவன், ஒவ்வொரு கல்லையும் கையில பிரட்டிப் பாத்து, வச்சது ஆடினாக் கீழ ஒரு சில்லுக்கல்லைச் செருகி... நானும் உதவி எண்டு ஒண்டை வச்சன். அவன் ஒண்டும் கதைக்காம அதை எடுத்துத் திருப்பி வச்சான். இடைவெளியளுக்குள்ளால அங்கால வெளிச்சம் தெரியும், காத்தும் அதுக்குள்ளாலயே போயிடும்.

ரெண்டாங்கட்டை:
குதிரையை விட்டிட்டீங்களே! ஒல்லாந்தர்ர லாயத்துத் தூணுகள் இப்பவும் நிக்குது, மட்டக் குதிரையள் வெளியில மேயும். ஆவணி அதுகளே தண்ணிக்கு அலையுற காலம், போத்தில் கொண்டுபோங்கோ. காலமை லோஞ்சு நல்லம். உள்ளுக்குப் பொந்தான பெரிய பெருக்குமரம் ஒண்டு நிக்குது, அதுக்குள்ள நிண்டு படம் எடுக்க மறக்காதேங்கோ.

மாவிலிக்கரை:
இன்னொண்டு, எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சனான். 1985 மே 15, குமுதினி எண்ட நெடுந்தீவு லோஞ்சை நடுக்கடலில மறிச்சு 30 பேருக்கு மேல வெட்டினவங்கள், கைக்குழந்தையும் அதுக்குள்ள. அம்மம்மா அதைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?

தீவுப்பேத்தி:
ஒருநாளும் இல்லை ஐயா. இப்பத்தான் அம்மாட்டக் கேட்டன், 85க்கு முதல் வருசா வருசம் போறவவாம், கடல் சத்தி எண்ட கதை அதுக்குப் பிறகுதானாம். சாராப்பிட்டி துறையில இருந்து எவ்வளவு தூரம்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நடக்க ஏலாது.