சிகாகோ ஆற்றில் கயாக்: போய் வந்தவங்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வர்ற கோடையில சிகாகோ போறோம். ஊரை பஸ்ல சுத்துறதுக்குப் பதிலா ஆத்து வழியா பார்க்கலாம்னு நானும் தங்கச்சியும் முடிவு பண்ணிருக்கோம். எனக்குக் கயாக் (உட்கார்ந்து துடுப்பு போடுற ஒடுக்கமான சின்னப் படகு) ஓரளவு பழக்கம். அவளுக்கு நின்னுக்கிட்டே துடுப்பு போடுற பேடில்போர்டுதான் வேணுமாம்.

என் கவலையே அதுதான். நகரத்துக்குள்ள ஆத்துக்கு ரெண்டு பக்கமும் செங்குத்தான சுவர். ஒரு சுற்றுலாப் படகு கடந்து போனா, அது கிளப்புற அலை கரையேறி அடங்காம சுவர்ல மோதித் திரும்பி வரும். போற அலையும் வர்ற அலையும் சேர்ந்து தண்ணி கன்னாபின்னான்னு குதிக்கும். உட்கார்ந்திருக்கிற நான் சமாளிச்சுடுவேன், நிக்கிறவ? மூணு கிளையும் சேர்ற உல்ஃப் பாயின்ட் பக்கம் பேடில்போர்டுல போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? இல்ல, படகு கம்மியா வர்ற வடக்குக் கிளையோட நிறுத்திக்கிறது நல்லதா?

அப்புறம் மழை. பழைய நகரங்கள் பலதுல மழைத்தண்ணிக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய்தான்; பெருமழை பெஞ்சா குழாய் தாங்காம மிச்சம் நேரா ஆத்துக்குப் போயிடும். சிகாகோவும் அப்படித்தான். (குடிதண்ணி எடுக்கிற மிச்சிகன் ஏரியில ஆத்து அழுக்கு கலக்கக் கூடாதுன்னு 1900-லயே ஆத்தோட போக்கையே திருப்பி விட்ட ஊர் அது!) மழை விட்டு எத்தனை நாள் கழிச்சு இறங்குவீங்க?

லைஃப் ஜாக்கெட் விஷயத்துல பேச்சுக்கே இடமில்ல, ரெண்டு பேரும் போட்டுக்குவோம். விடியக்காலையில போனா படகுத் தொல்லை குறையுமா, வாரநாள் தேவலையா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.