தோட்டத்துச் சம்பளம்: பேர் விழுந்த நாளும் கைக்கு வரும் காசும்

செய்தியில் சொல்லும் நாட்சம்பளத்துக்கும் சம்பளத் துண்டில் இருக்கும் தொகைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பார்த்தவற்றைக் கணக்கோடு எழுதுங்கள் என்ற கேள்விக்கு நான்கு ஊர்களிலிருந்து வந்த பதில்கள்.

தலவாக்கலை
2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த 1350 ரூபாய், முழுப் பேர் விழுந்த, அதாவது முழு நாள் வேலையாகப் பதிவான நாளுக்குத்தான். முழுப் பேருக்குத் தோட்டம் கேட்கும் கிலோ கொழுந்து வரவேண்டும். பல இடங்களில் அது 18, சில இடங்களில் இன்னும் கூட. குறைந்தால் அரைப் பேர், அதாவது அந்த வீதத்தில் 675.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாளுக்கு இரண்டு, மூன்று நிறுவை. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு. தடவைக்கு 2 கிலோ போனால் மூன்று நிறுவையில் 6 கிலோ. 18 எழுதப்பட 24 பறிக்க வேண்டும். மழை நாளில் ஈரக் கழிவு நியாயம். காய்ந்த வெயிலிலும் அதையே கழிப்பது பறிப்பவர்களின் உழைப்பைத் திருடுவது. வெறும் சாக்கைத் தராசில் போடச் சொல்லுங்கள், அதன் எடை அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு நிறுவையையும் துண்டில் எழுதி வாங்குங்கள். மாதக் கடைசியில் செக்ரோலோடு, அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டோடு ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

ஹட்டன்
மலையின், அதாவது கொழுந்து பறிக்கும் தேயிலைப் பகுதியின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கொருமுறை எடுக்க வேண்டிய மலையை, ஆள் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு நாள் விட்டால் கொழுந்து முற்றிவிடும். அந்தக் கழிவு பறிப்பவர் தலையில். வருடத் தொடக்க வறட்சியில் கொழுந்து குறையும், கேட்கும் கிலோ குறையாத தோட்டங்கள் உண்டு.

பதுளை
1350 வீதத்தில் மாதத்துக்கு 22 முழுப் பேர் என்றால் 29,700. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம், 2,376. தோட்டம் 12 வீதம், 3,564. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 891, அதுவும் தோட்டத்தின் பங்கு. பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத் தவணை.

கூட்டுத் தொகையை நம்பாமல் பிரித்துப் பாருங்கள். தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் போட்ட 2016 ஒப்பந்தத்தின் 730 ரூபாய் நாட்சம்பளத்தில் அடிப்படை 500 மட்டுமே. மீதி வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30. 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்த 1750-ம் அப்படித்தான்: 1550 சம்பளம், 200 அரசு தரும் வருகை ஊக்கத்தொகை.

நுவரெலியா
ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. நாட்கூலிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். 30 வருடத்துக்கு 420 நாள். 1350 என்றால் 5,67,000. சேமலாப நிதியில் மாட்டிக்கொள்வது பெயர்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, நிதிப் பதிவில் இன்னொரு எழுத்து என்றால் பணம் நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே தோட்டக் காரியாலயத்தில் திருத்தக் கேளுங்கள்.