கைமாறிய வார்: ஆட்டிசம் உதவி நாயுடன் வளர்ந்த ஆண்டுகள்

ஒரு தாய்:
என் மகனுக்கு 6 வயதானபோது உதவி நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவன் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு வார் நாயின் மேலங்கியோடு இணைந்திருக்கும். நாயைப் பிடிக்கும் வார் என் கையில் இருக்கும். சாலையோரத்தில் அவன் திடீரென்று ஓட முற்பட்டால், நாய் கால்களை ஊன்றி அசையாமல் நின்றுவிடும். 12 வயதில் அவன் நாயைவிடக் கனமாகிவிட்டதால், அந்த இணைப்பு இருவருக்குமே ஆபத்தாயிற்று. பயிற்சியாளர் பட்டையைக் கழற்றிவிட்டு, நாயின் வாரை அவனிடமே கொடுத்து நடக்கப் பழக்கினார். அவன் சில வாரங்களில் பழகிக்கொண்டான். வெறுங்கையோடு பின்னால் நடக்க எனக்குத்தான் நெடுநாள் பிடித்தது.

ஓர் இளைஞர், வயது 19:
எனக்கு வார் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மேலங்கியில் எழுதியிருந்த 'ஆட்டிசம்' என்ற சொல்தான் 14 வயதில் உறுத்தியது. அறிமுகமில்லாதவர்கள்கூட முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு என் அம்மாவிடம் என்னைப் பற்றி விசாரிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டபின் 'உதவி நாய்' என்று மட்டும் எழுதிய மேலங்கியைத் தந்தார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதங்களில், கூட்டமும் இரைச்சலும் தாளாமல் அறைக்குத் திரும்பி நான் தரையில் படுத்துவிடும்போது, என் நாய், அவள், என் தொடைகளின்மீது தன் எடை முழுவதையும் சாய்த்துப் படுப்பாள். நான் கையைக் கடிக்கத் தொடங்கினால் மூக்கால் முட்டித் தடுப்பாள். அந்த அழுத்தம் என்னை அமைதிப்படுத்தும் அளவுக்கு ஆறுதல் சொற்கள் அமைதிப்படுத்தியதில்லை.

ஒரு தந்தை:
இத்தகைய நாய்கள் ஏறக்குறைய 2 வயதில் பணியைத் தொடங்கி, 10 வயதை ஒட்டி ஓய்வு பெறுகின்றன. ஆகவே சிறு வயதில் நாயைப் பெற்ற குழந்தைக்கு, அதன் ஓய்வு வளரிளம் பருவத்தின் நடுவில்தான் வந்து சேரும். கனடாவில் 42 குழந்தைகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், விழித்தவுடன் உயரும் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு நாய் வந்தபின் குறைந்து, நாயைச் சிறிது காலம் பிரித்தபோது மீண்டும் கூடியது. அதைப் படித்திருந்ததால், என் மகளின் நாய் ஓய்வுபெறும் நாளை நினைத்து நான் அஞ்சியே இருந்தேன். ஓய்வுபெற்ற நாயை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மேலங்கியில்லாத நாயைக் கடைக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்பதை மகளுக்குப் படங்கள் வரைந்து பலமுறை விளக்கினோம். இரண்டாவது நாய்க்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டபோது, 'வேண்டாம், இவன் பார்ப்பான்' என்று எழுதிக் காட்டினாள். படிவத்தை இன்னும் நிரப்பவில்லை.