ஆட்டோ சங்கர் தொடர் வந்த பழைய நக்கீரன் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் வேலூர் மக்களே. சென்னை திருவான்மியூர் ஆட்டோ சங்கர் கொலை வழக்கைப் பத்திரிகைகள் எழுதிய விதம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். அவருடைய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போய், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொது ஆவணத்தில் இருப்பதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம் என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவருக்குத் தூக்கு.

தீர்ப்பு கையில் இருக்கிறது, இதழ்கள்தான் இல்லை. லாங்கு பஜாரில் கிடைத்த பழைய பைண்டிங்கில் அந்தப் பக்கங்களை மட்டும் யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் சலூனோ வாடகை நூலகமோ நடத்தியவர்கள் வீட்டுப் பரணில் 1994, 95 இதழ்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கொடுக்கக்கூட வேண்டாம், நேரில் வந்து போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றி அப்போது யாராவது எழுதினார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.