12 கட்டத்துக்கு 12 யூஸ்ஸ்டேட் எதற்கு? ரியாக்ட் ஃபார்ம் அனுபவங்கள்

ரியாக்ட் (வெப் திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) பயன்படுத்தும்போது, விண்ணப்ப ஃபார்மில் 12 கட்டம் இருந்தால், ஒவ்வொன்றின் மதிப்பையும் ரியாக்ட்டின் நினைவில் (ஸ்டேட்) வைக்க 12 யூஸ்ஸ்டேட் எழுதுவதுதான் பலருக்கும் பழக்கம். ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் ஃபார்ம் முழுக்க ரீரெண்டர் ஆகும், அதாவது ரியாக்ட் அதை மறுபடி கணக்கிடும். அதற்குள்ளேயே கனமான டேபிள் இருந்தால் டைப்பிங் திக்கும். பெயர், முகவரி, பின்கோடு இவையெல்லாம் சப்மிட் ஆகும்வரை யாருக்கும் தேவையில்லை. பிரவுசரிடமே விட்டுவிடுங்கள்: வேல்யூவுக்குப் பதில் டிஃபால்ட்வேல்யூ (தொடக்க மதிப்பு மட்டும்), ஒவ்வொன்றுக்கும் ஒரு நேம், ஆன்சப்மிட்டில் ப்ரிவென்ட்டிஃபால்ட் (பக்கம் ரீலோட் ஆகாமல் தடுக்க), பிறகு எல்லா மதிப்பையும் ஒரே இடத்தில் எடுத்துத் தரும் நியூ ஃபார்ம்டேட்டா. "திருமணமானவர்" என்றதும் துணைவர் பெயர்க் கட்டம் முளைக்கிறதே, அப்படித் திரையை மாற்றும் விஷயம் மட்டும் ஸ்டேட்டில் இருந்தால் போதும்.

---

சரிதான். ஆனால் ஃபார்ம்டேட்டாவிலும் குழி உண்டு. நேம் இல்லாத இன்புட் வரவே வராது. டிஸேபிள் செய்ததும் வராது. மதிப்பு வேண்டுமென்றால் ரீட்ஒன்லி போடுங்கள். டிக் செய்யாத செக்பாக்ஸ் 'ஃபால்ஸ்' என்று வராது, காணாமலே போய்விடும். ஒரே நேமில் 3 செக்பாக்ஸ் இருந்தால் ஃபார்ம்டேட்டாவை ஆப்ஜெக்டாக மாற்றும் ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸ் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளும். அங்கே அந்த நேமின் எல்லா மதிப்பையும் தரும் கெட்ஆல்தான் வழி. இன்னொன்று, கட்டங்களில் இருப்பதெல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். வயதைக் காலியாக விட்டு நம்பர்() போட்டால் 0 கிடைக்கும், எரர் வராது. இந்த 0 டேட்டாபேஸ் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். காலியா என்று முதலில் பாருங்கள், எண்ணாக்குவது அப்புறம்.

---

ரியாக்ட் 19-இல் ஃபார்முக்கே ஆக்‌ஷன் ஃபங்ஷன் கொடுக்கலாம். அது முடிந்ததும் அன்கன்ட்ரோல்டு கட்டங்கள் (மதிப்பை ஸ்டேட்டில் வைக்காமல் பிரவுசரிடம் விட்டவை) ரீசெட் ஆகிவிடும். "இமெயில் தவறு" என்று நீங்கள் ரிட்டர்ன் செய்தாலும் இதே கதைதான். பயனர் அடித்ததெல்லாம் போச்சு. எரரோடு அவர் அடித்த மதிப்புகளையும் சேர்த்து ரிட்டர்ன் செய்து, யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட் (ஆக்‌ஷன் ரிட்டர்ன் செய்ததை வைத்திருக்கும் ரியாக்ட் ஹுக்) தரும் ஸ்டேட்டிலிருந்து டிஃபால்ட்வேல்யூவுக்குக் கொடுங்கள்.

---

வரிசைகள் கூடிக் குறையும் பில் மாதிரியான ஃபார்முக்கு ரியாக்ட் ஹுக் ஃபார்ம் என்ற லைப்ரரியை எடுப்பதே மேல். வரிசைகளைக் கையாளும் அதன் யூஸ்ஃபீல்ட்அரேயில், கீயாக (ஒவ்வொரு வரிசையையும் ரியாக்ட் அடையாளம் காணும் குறி) ஃபீல்ட்.ஐடி கொடுங்கள். இன்டெக்ஸ் (வரிசை எண்) கொடுத்தால் 2-வது வரிசையை நீக்கும்போது வேறு வரிசையின் எழுத்து அங்கே வந்து நிற்கும். கட்டங்களின் மதிப்பைக் கவனிக்கும் வாட்ச்சை மேல் காம்பொனென்ட்டில் (திரையின் ஒரு பகுதி) போட்டால் பழையபடி எல்லாமே ரீரெண்டர். மொத்தத் தொகை காட்டும் சின்ன காம்பொனென்ட்டுக்குள் யூஸ்வாட்ச் வையுங்கள்.

---

"வரிசை சேர்" பட்டனுக்கு டைப் பட்டன் என்று எழுதினீர்களா? ஃபார்முக்குள் டைப் இல்லாத பட்டன் சப்மிட்டாகத்தான் வேலை செய்யும்.